இருவர் எழுதிய கட்டுரை

"நெஞ்சில வைக்க உடுங்க அக்கா, அவர்ர மூணு வருசத்து—"

"கையை எடு தம்பி. முதல்ல என்ட பேர் எங்க எண்டு—"

"—உசிரே இதுலதான் கிடந்தது."

"—சொல்லு. சொல்லிப்போட்டு வை."

அச்சான கட்டுரையைச் சவப்பெட்டியின் விளிம்பில் பிடித்தபடி நின்றான் வல்லிபுரம். கொழும்பிலிருந்து இரண்டு நாள் பஸ் மாறி மாறி, சிநேகிதன் அழகரத்தினத்தின் கையில் கொடுக்கக் கொண்டுவந்தது. வந்து இறங்கியது அவருடைய செத்த வீட்டில். தலைப்பின் கீழே இரண்டு பெயர்கள்: அழகரத்தினம், வல்லிபுரம். செத்தவரின் மனைவி அன்னப்பூரணி கண்ணாடி போட்டு இரண்டு தரம் பார்த்துவிட்டாள்.

கேம்பஸில் பௌதிகம் படிப்பித்த மனுசனும், பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்த அவளும் ஊரடங்குப் பகல்களில் செய்த வேலை அது. நட்சத்திர மண்டலங்கள் சுழலும் வேகத்தை வல்லிபுரம் அட்டவணையாக அனுப்புவான். விளிம்புக்குப் போகப் போக வேகம் குறைய வேண்டும், குறையவில்லை. அப்படியென்றால் கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒரு பாரம் மண்டலத்தைச் சுற்றிப் பொதிந்து கிடக்கிறது. அது எவ்வளவு, எதுவரைக்கும் என்பதுதான் கணக்கு. ஒரு மண்டலம் மட்டும் ஆறு மாதமாக மசியவில்லை.

"அது சரிஞ்சு கிடக்கு. நீங்க விளிம்பு நமக்கு நேராக் கிடக்கிற மாதிரிப் போட்டா வேகம் குறைவாத்தானே வரும்" என்று பிழையைப் பிடித்தவள் அவள்.

"உன்ட பேர்தான் முதல்ல போகும், பூரணி" என்றார் அழகரத்தினம் அன்று.

"என்ட பேர அச்சடிச்சவன் உட்டுட்டானா, நீ உட்டுட்டியா?" என்று இப்போது வல்லிபுரத்தைக் கேட்டாள்.

வல்லிபுரம் பையைத் திறந்து, கையெழுத்துப் பிரதிக்குள் கிடந்த கடிதத்தை எடுத்து நீட்டினான். அழகரத்தினத்தின் எழுத்து.

'பூரணியின் பெயரை எடுத்துவிடு. மனைவி போட்ட கணக்கு என்று தெரிந்தால் இங்கே ஒருவரும் என்னை மதிக்கமாட்டார்கள். அவளுக்கு நான் சொல்லிக்கொள்கிறேன்.'

போன ஆவணியில் எழுதியது. அதற்குப் பிறகும் இரண்டு தரம் சஞ்சிகையிலிருந்து திருத்தம் கேட்டுக் கட்டுரை திரும்பி வந்தது. இரண்டையும் அவள்தான் போட்டுக் கொடுத்தாள்.

பாதை மூடி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வழியில்லாமல் கிடந்த மூன்று நாள் காய்ச்சலிலும், "வல்லிபுரம் வந்தானா?" என்றே கேட்டுக்கொண்டிருந்தார். சிநேகிதனைக் காணும் ஆசை என்று நினைத்திருந்தாள்.

"நாலு மணிக்கு முன்னம் எடுக்கணும் புள்ள, ரோட்டுச் செக்பொயின்ற மூடிருவானுகள்" என்றாள் அவருடைய தமக்கை இரத்தினம்மா. "வாய்க்கரிசியப் போடு."

அன்னப்பூரணி அரிசியை அள்ளிக் குனிந்தாள். கை அவர் வாயருகில் போய் நின்றுவிட்டது. அழப்போகிறாள் என்று ஆட்கள் விலகி வழிவிட்டார்கள்.

"அவன் இதக் கொண்டுவந்து தந்தா, எனக்கு என்ன சொல்ல இருந்தீங்க?"