முழங்கால் ஆழம் போதும்

மாரிகுப்பத்துக்கு ரயில் வந்த மறுவருஷம் ராஜப்பா கவுடரின் கல்லுக்காட்டில் நான் கேழ்வரகு விதைத்தேன். அவருடைய மாடுகளே அந்த நிலத்தில் வாய் வைக்க யோசிக்கும். இந்த ஒரு போகம் விளைத்துக் காட்டினால் நிலத்தை எனக்கே பங்கு வாரத்துக்கு விடுவதாகவும், விளையாவிட்டால் பழையபடி மாடு கட்டப் போவதாகவும் கவுடர் சொல்லியிருந்தார். வேலூர்ப் பக்கத்தில் என் அம்மா ஆயுசு முழுக்கப் பிறத்தியார் வயலில்தான் களை பிடுங்கினாள். என் வயல் என்று சொல்லி என் களையை நான் பிடுங்க வேண்டும். எனக்கு அது ஒரு வெறியாகவே இருந்தது.

என் வீட்டுக்காரர் சம்பங்கி, தங்கச் சுரங்கத்தில் பாறை வெட்டுகிறவர். ஷிஃப்ட் முடிந்து வந்து வரப்பில் நின்றுகொண்டு, இது புல்லா, பயிரா என்று தினமும் கேட்பார். நியாயமான கேள்விதான். கேழ்வரகுக்குள் முளைக்கிற ஒரு புல் அசல் கேழ்வரகு மாதிரியே இருக்கும். அடித்தண்டு தட்டையாக வெளுத்திருந்தால் புல் என்று நானும் தினமும் சொல்வேன். மறுநாள் அதே கேள்வி வரும். குனிந்து குனிந்து இடுப்பு ஒடிந்து கிடப்பவளிடம் இப்படிக் கேட்டால் கோபம் வராமல் என்ன செய்யும்?

கல் பொறுக்கி, சாணியும் சாம்பலும் கொட்டி, இரண்டு களை எடுத்து, பயிர் ஒரு சாண் உயரம் வந்து நின்ற ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கம்பளிப்பூச்சி வந்தது. பக்கத்து ஆமணக்குக் காட்டை நரம்பு மட்டும் மிச்சம் வைத்துத் தின்றுவிட்டு, தரையே ஊர்ந்து வருவதுபோல் என் வயலைப் பார்த்து வந்துகொண்டிருந்தது. வழியில் பள்ளம் வெட்டினால் அதில் விழும், ஏறி வர முடியாது, அப்படியே மண்ணைத் தள்ளி மூடிவிடலாம். எங்கள் ஊரில் அப்படித்தான் செய்வார்கள். ஆனால் ஒருத்தி எவ்வளவு வெட்ட முடியும்? வேப்பங்கொத்தால் பூச்சியைக் கூட்டித் தள்ளிக்கொண்டே சம்பங்கியைக் கூப்பிட்டுக் கத்தினேன்.

அவர் தன் சுரங்கக் கூட்டாளிகள் அத்தனை பேரையும் கூட்டி வந்தார். மேஸ்திரி கொர்னேலியஸ் கோயிலிலிருந்து நேராக வந்தவர், வெள்ளைக் கோட்டைக் கழற்றி முள்செடியில் மாட்டிவிட்டு, எவ்வளவு ஆழம் வேண்டும் என்று கேட்டார். முழங்கால் ஆழம் போதும் என்றேன். கடப்பாரையும் மண்வெட்டியும் விழுந்த சத்தத்தில் என் நெஞ்சு குளிர்ந்துபோனது. அவர்களை நம்பி நான் எதிர்ப்பக்கம் பூச்சி தள்ளப் போனேன். அதுதான் நான் செய்த தப்பு.

திரும்பி வந்தபோது ஆட்களின் தலை மட்டும்தான் தெரிந்தது. கல் தட்டுப்படாத இடத்தில் வெட்டுவதை நிறுத்துவது இவர்கள் பழக்கத்திலேயே கிடையாது. ஓரத்து இரண்டு வரிசைப் பயிர் பள்ளத்துக்குள் போய்விட்டது. வெட்டிய மண்ணெல்லாம் மூன்றாம் வரிசையின் மேல் கிடந்தது.

"இன்னாய்யா பண்ணி வெச்சிக்கினு கீறீங்க? பூச்சி தின்னதவிட நீங்க தின்னது ஜாஸ்தியா கீதே," என்றேன்.

மண் இளக்கமாக இருந்ததாம், கை தானாகப் போய்விட்டதாம். கொர்னேலியஸ் தலையைச் சொறிந்துகொண்டு சொன்னார். பூச்சி ஒன்றுகூடத் தாண்டவில்லை, அது நிஜம். ஆனாலும் அன்று யாருக்கும் நான் கஞ்சி ஊற்றவில்லை. சம்பங்கியோடு பேசவும் இல்லை.

அந்த வாரமே ஒரு பெருமழை பெய்தது. இன்னும் மூடாமல் கிடந்த பள்ளம் விளிம்பு வரை நிரம்பிவிட்டது. அடியில் களிமண்ணை எட்டியிருந்ததால் தண்ணீர் உள்ளே இறங்காமல் நின்றது. அதற்கப்புறம் வானம் சுத்தமாகக் கைவிட்டுவிட்டது. புரட்டாசி முழுக்கச் சுற்றிலும் எல்லார் காட்டிலும் இலை சுருண்டுகொண்டிருக்க, நானும் சம்பங்கியும் குடம் குடமாக மொண்டு ஊற்றினோம். பயிரோடு களையும் கொழுத்தது. கொழுக்கட்டும், என் களைதானே என்று பிடுங்கினேன். பள்ளத்தைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. அவரும் கேட்கவில்லை, ஆனால் குடம் மொள்ளும்போதெல்லாம் ஒரு சிரிப்புச் சிரிப்பார்.

கார்த்திகையில் கதிர் விரல் மடக்கி நின்றது. முதல் மாவில் களி கிண்டி, கொர்னேலியஸ் கூட்டத்தை வயலுக்கே வரச்சொல்லி உருண்டை உருண்டையாக வைத்தேன். சம்பங்கி ஒரு கவளம் விழுங்கிவிட்டுப் பள்ளத்தைப் பார்த்தார்.

"உள்ள இன்னா வெட்னாலும் அது யாருக்கோ போய்ச் சேருது," என்றார். "நான் வெட்னதுல நம்ம வாய்க்கு வந்தது இது ஒண்ணுதான், ஜெயம்மா."

எனக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோஷ அழுகைதான். மறைக்கவில்லை, இன்னொரு உருண்டை வைத்தேன்.

அந்த நேரம் பார்த்து ராஜப்பா கவுடர் வந்தார். கதிரைக் கசக்கி ஊதிப் பார்த்தார். வயலைச் சுற்றி வந்தவர் பள்ளத்தின் ஓரத்தில் நெடுநேரம் நின்றார். நிலத்தை நீயே வைத்துக்கொள் அம்மா என்றார். அப்புறம் கொஞ்சம் தயங்கி, காய்ந்துபோன தன் காட்டுக்கும் இந்த ஆட்கள் ஒரு பள்ளம் வெட்டித் தருவார்களா என்று கேட்டார்.

கொர்னேலியஸ் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து, எவ்வளவு ஆழம் வேண்டும் என்றார். கவுடர் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"முழங்கால் ஆழம்னு சொல்லுங்க, கவுடரே. மீதிய அவங்களே பாத்துக்குவாங்க."