விடுதிப் புத்தகத்தில் ஒரு வரி

எங்கள் மலையேற்றச் சங்கத்தில் ஒரு வழக்கம். எந்த விடுதியில் தங்கினாலும், கிளம்பும் முன் அங்குள்ள புத்தகத்தில் பெயரையும், எந்த வழியாக எங்கே போகிறோம் என்பதையும் எழுதிவிட வேண்டும். ஆள் வந்து சேராவிட்டால் மீட்புக்குழு முதலில் புரட்டுவது அதைத்தான். எங்கள் குழுவுக்கு முப்பது வருடமாக எழுதுகிறவன் நான்.

போன ஆகஸ்டில், இப்போது நாங்கள் தங்கியிருக்கும் இதே விடுதியில், "நான்கு பேர், கணவாய் வழியாக மேல்விடுதிக்கு" என்று முந்தின மாலையே எழுதிவிட்டேன். அப்புறம் பல்வலி பிடித்துக்கொண்டது. விடிந்ததும் வைத்தியரைப் பார்க்கக் கீழே இறங்கலாம் என்று வாசலில் பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் நால்வரில் ஒருவனான காசியன் வந்தான்.

"முட்டி மக்கர் பண்ணுது, ஆல்பன். நான் ஏத்தம் கம்மியா இருக்கிற சரளைச் சரிவு வழியாப் போறேன். புத்தகத்துல மாத்திடு."

"சரிடா, நீ கிளம்பு" என்றேன். புத்தகம் உள்ளே சாப்பாட்டு அறையில் இருந்தது. தாடையைப் பிடித்துக்கொண்டு நானும் கிளம்பிவிட்டேன்.

மற்ற இருவரும் அவன் முன்னால் போயிருப்பான் என்று நினைத்துக் கணவாய் ஏறினார்கள். அவன் வந்து சேரவில்லை. மீட்புக்குழுவும் கணவாயில்தான் தேடியது. மறுநாள் மதியம் எனக்கு ஃபோன் வந்தபோது, ஏதோ யோசித்துச் சொல்வதுபோல, "சரளைப் பக்கமும் பாருங்களேன்" என்றேன். அங்கேதான் கிடந்தான். கால் ஒடிந்தவன் அன்று காலைவரை உயிரோடு இருந்திருப்பான் என்றார் டாக்டர். என் மூளையை எல்லோரும் மெச்சினார்கள். பல்லுக்குப் போட்ட மரப்பு ஊசி உடம்பு முழுக்கப் பரவிவிட்டதுபோல் இருந்தது. இன்னும் தெளியவில்லை.

இந்த வருடம் அவன் மனைவி புர்கி வந்திருக்கிறாள். யாரும் கூப்பிடவில்லை, வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் வாயும் வரவில்லை. பாறைமேல் நடந்தபடியே புருஷனைத் திட்டினாள். "சொல்லாம கொள்ளாம போற புத்தி. ஒரு வரி எழுத அந்தத் துரைக்குக் கை வலிச்சுதாக்கும்." எங்கள் ஊரில் பூ வைக்காத கல்லறை அவனுடையது ஒன்றுதான்.

சாயங்காலம் சூப்பும் ரொட்டி உருண்டையும் வந்தன. "புர்கி, அந்த உருண்டைய எறிஞ்சா பாறையே பொளந்துக்கும், பாத்துக் கடி" என்றான் வைட், போன வருடம் கணவாய் ஏறிய இருவரில் ஒருவன். போன வருடமும் இதே ஜோக். யாரும் சிரிக்கவில்லை.

புர்கி புத்தகத்தை இழுத்துப் போன ஆகஸ்டைத் தேடியெடுத்தாள். "உன் கையெழுத்துதானே?" என்றாள்.

"ஆமா."

"உன்கிட்டயாவது சொல்லித் தொலைச்சிருக்கலாம் அந்த மனுஷன்."

"சொன்னான்" என்றேன். "மாத்தி எழுதச் சொன்னான். நான் எழுதல."

வைட்டின் ஸ்பூன் நின்றது. புர்கி அழுவாள், அறைவாள் என்று ஒரு வருடமாக ஒத்திகை பார்த்திருந்தேன். அவள் பேனாவை என் பக்கம் தள்ளினாள்.

"இப்ப எழுது."

பழைய வரிக்குக் கீழே எழுதினேன்: காசியன், தனியாக, சரளைச் சரிவு வழியாக. கை நடுங்கக்கூட இல்லை. அதுதான் எனக்கே அருவருப்பாக இருந்தது.

"இன்னைக்குப் பக்கத்துக்கு வா. நாளைக்கு நானும் அந்த வழியாத்தான் போறேன். தனியா. எழுது."

எழுதினேன். புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பி, விரல் வைத்து வாசித்தாள். பிறகு என்னைப் பார்க்காமலே அதை மேசைக்கு அந்தப் பக்கம் நகர்த்தினாள்.

"வைட், நீயும் ஒரு தடவை படிச்சிடு. இவன் எழுதிட்டானான்னு பாரு."

வைட் குனிந்து படித்தான்.

"எழுதியிருக்கான்" என்றான்.