குண்டனுக்குப் பத்தியம்

ஆடிட்டர் தன் நாய் குண்டனுக்காகக் கடையில் கால் கடுக்க நின்று, தீனிப் பையை மூக்குக்கு நேரே பிடித்துக்கொண்டு படித்தார். உப்பு எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு, சாயம் ஏதாவது கலந்திருக்கிறதா என்று கடைக்காரரைக் குடைந்தெடுத்தார். பக்கத்தில் நின்ற மனைவிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போன மாதம் பிரஷர் பார்த்த டாக்டர் இதே உப்பையும் எண்ணெயையும் குறைக்கச் சொன்னபோது, "அந்தாளுக்கு என்ன தெரியும்?" என்று ஒரே பேச்சில் முடித்துவிட்ட மகான் இவர்.

"குண்டன் வாயில்லா ஜீவன்டி. நாமதான் பாத்துப் பாத்துக் கொடுக்கணும்," என்றார்.

வாய் உள்ள ஜீவன் எக்கேடு கெட்டால் என்ன என்று அவள் மனசுக்குள் முனகிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும், கொழுப்பில்லாத அந்த உருண்டைகளைக் குண்டன் ஒருதரம் முகர்ந்து பார்த்தான். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்துவிட்டான். பாவமாக இருக்கிறதே என்று அவள் ஒரு பிஸ்கட்டை எடுத்தாள்.

"இளகாதே! வேற எதையும் காட்டாதே. பசிச்சா தானா சாப்பிடும்," என்று அதட்டினார் ஆடிட்டர்.

அப்புறம் கை கழுவிக்கொண்டு ஜம்மென்று சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தார். அவர் தட்டில் உப்பில்லாமல் வேகவைத்த காய்கறி வந்து விழுந்தது.

"என்னடி இது கண்றாவி? சிப்ஸ் டப்பா எங்கே?"

அவள் டப்பாவை அலமாரியில் வைத்துப் பூட்டினாள். சாவியோடு போய்க் குண்டனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

"நான் இளக மாட்டேங்க. பசிச்சா தானா சாப்பிடுவீங்க."