திரையின் முதல் பெயர்

வாத்தியார் மீது எனக்குச் சந்தேகம் வந்தது ஒரு கோப்பைத் தேநீரால். அவன் என்னோடு வேலை பார்ப்பவன். எதையும் விளக்கியே தீருவான் என்பதால் அந்தப் பட்டப்பெயர். நான் குடியிருக்கும் அடுக்குமாடியின் சங்கத் தேர்தலுக்கு நாங்கள்தான் மென்பொருள் அமைத்துக்கொண்டிருந்தோம். வேட்பாளர்கள் எல்லாரும் சீனர்கள்; பட்டியலில் பெயர்களும் சீன எழுத்தில்தான். அவனுக்கு அதைப் படிக்கத் தெரியும். எனக்கு எல்லாம் ஒரே சுள்ளிக்கட்டு.

வேட்பாளர்களில் ஒருவரான காண்ட்ராக்டரோடு அவன் தேநீர் குடிப்பதைப் பார்த்தேன். அன்று மதியமே பெயர் வரிசை மாறியிருந்தது.

"யாரைக் கேட்டு மாத்தின?"

"சங்கத்துல கேட்டாங்கண்ணே. முன்னால இருந்த உச்சரிப்பு வரிசை வேணாமாம். குடும்பப் பேரை எழுத எத்தனை கோடு இழுக்கணும்னு எண்ணி, கம்மியா இருக்கறவங்கள முன்னால வெக்கணுமாம். இதுல யாரும் ஒசத்தி இல்லன்னு காட்ட அவங்க அப்படித்தான் செய்வாங்க."

"இப்ப முதல்ல யாரு?"

தயங்கினான். "காண்ட்ராக்டர். அவர் பேருல ரெண்டே கோடு."

பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுவிடுமா? ஓட்டுப் போடுபவர்களில் பாதிப் பேர் திரையில் வரும் முதல் பெயரை அமுக்கிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். தேர்தல் நியாயமாக நடந்தது என்று கையெழுத்துப் போட வேண்டியவன் நான். புகார் வந்தால் போவது என் வேலை. சங்கத்திடமே கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவர்களும் கூட்டுக்களவாணிகளாக இருந்துவிட்டால்?

அவன் எழுந்து போனதும் அமைப்புப் பக்கத்தைத் திறந்து, கோடு எண்ணிக்கையை நீக்கி உச்சரிப்பு வரிசையையே திரும்ப வைத்தேன். அவன் கை வைக்காதிருக்கக் கடவுச்சொல்லையும் மாற்றினேன். புதிய வரிசை உடனே வேட்பாளர்களின் போனுக்கும் போய்விடும். முதலில் வந்தது யார் பெயரோ, எனக்குத் தெரியாது. காண்ட்ராக்டருடையது இல்லை, அது போதும்.

மாலையில் என் மனைவி செருப்பைக்கூடக் கழற்ற விடவில்லை. கீழ்த்தளப் பல் மருத்துவரிடம் தற்காலிக வரவேற்பாளராக இருக்கிறாள். அவரும் தேர்தலில் நிற்கிறார்.

"டாக்டர் என்னை நிரந்தரமாக்கிட்டாருங்க! உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னாரு."

"எனக்கெதுக்கு?"

"அவர் பேரை முதல்ல கொண்டுவந்ததுக்கு. எங்கிட்டகூடச் சொல்லாம செஞ்சிட்டீங்களே!"

நான் வாயைத் திறப்பதற்குள் போன் அடித்தது. வாத்தியார்.

"அண்ணே, வரிசையை யாரோ மாத்திட்டாங்கன்னு சங்கத்துல புகார். உங்க மேலதான் சொல்றாங்க. அவர் அப்படிப்பட்ட ஆளே இல்லன்னு சண்டை போட்டுட்டு வந்தேன்."

"நான்தாம்பா மாத்தினேன்."

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்த மனைவியின் சிரிப்பு அடங்கியது. வாத்தியார் தாழ்ந்த குரலில் கேட்டான்.

"அண்ணி வேலைக்காகவாண்ணே?"