பூட்டிய வீட்டில் சத்தமில்லை

"குறட்டை நடுவுல நின்னு போகுதா?" என்று டாக்டரம்மா கேட்டதும் லோகநாயகிக்குச் சிரிப்பு வந்தது.

"நிக்கும் டாக்டர். அப்பாடான்னு இருக்கும். அப்புறம் திணறி ஒரு துள்ளு துள்ளிட்டு மறுபடி ஆரம்பிச்சிடுவார்."

டாக்டரம்மா சிரிக்கவில்லை.

"நிக்கறது குறட்டை இல்லம்மா, மூச்சு. தூக்கத்துல தொண்டைச் சதை தளர்ந்து வழியை அடைச்சிடுது. மூளை முழிச்சு உலுக்கினாத்தான் மறுபடி மூச்சு. தூங்கற பொழுதெல்லாம் இதே போராட்டம்னா அது தூக்கமா? அதான் வேலையில கண்ணு சொருகுது."

சொருகியதால்தான் வினையே. அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனியொன்றில் கிரேன் ஓட்டும் அவள் கணவன் அப்பாவு, இரும்புப் பாளம் அந்தரத்தில் தொங்க, கேபினிலேயே தூங்கிவிட்டான். குடித்திருந்தான் என்று மெமோ. இன்னொரு தடவை தூங்கினால் வேலை காலி.

"பகல்ல நல்லாத் தூங்கினா நைட் ஷிப்டுல முழிச்சிருப்பார்னு..." என்று இழுத்தாள் லோகநாயகி. "காபியில ரெண்டு தூக்க மாத்திரை கலந்து குடுத்துட்டுத்தான் வந்தேன்."

டாக்டரம்மா எழுந்தே விட்டார். "உலுக்கற மூளையையே மயக்கிட்டியேம்மா! வீடு எங்க?"

"சேக்காடு. மாரியம்மன் கோயிலுக்குப் பின்னாடி லைன் வீடு."

"ஓடு! ஒருக்களிச்சுப் படுக்க வை. எழுப்பு. ஆம்புலன்ஸுக்குச் சொல்லிட்டு நானும் வரேன்."

ஆட்டோ பறந்தது. அவளுக்குப் போதவில்லை.

"சீக்கிரம்ப்பா!"

"இன்னாம்மா, ரெக்கையா கட்ட சொல்ற? தோ, கேட்டு வேற போட்டுட்டான்."

கூட்ஸ் வண்டி தூரத்தில் வந்துகொண்டிருந்தது. லோகநாயகி குதித்து இறங்கி, கேட்டுக்கு அடியில் நுழைந்து, தண்டவாளம் தாண்டி ஓடினாள்.

வாசலில் பக்கத்து வீட்டு ஜமீலா. "இன்னா லோகா, உன் ஊட்டுக்காரரு இன்னிக்கி கம்முனு கீறாரு! எம்புள்ள இப்பத்தான் நிம்மதியா தூங்குது."

லோகநாயகி அவளைத் தாண்டிக் கதவுக்குப் பாய்ந்தாள். கதவில் பூட்டு. நைட் ஷிப்ட்காரர் தூங்கினால் வெளியே பூட்டிவிட்டுப் போவது அந்த லைனில் வழக்கம். ஆளில்லையென்று யாரும் கதவைத் தட்ட மாட்டார்கள். அவளும் அக்கறையாகத்தான் பூட்டினாள்.

அவசரத்தில் சாவி துவாரத்தில் நுழையவில்லை. ஜமீலா பிடுங்கித் திறந்தாள்.

அப்பாவு மல்லாந்து கிடந்தான். உதடு நீலம். வயிறு மட்டும் எக்கி எக்கித் தவித்தது. மூக்கடியில் விரல் வைத்தாள். காற்றில்லை.

"ஜமீலா, புரட்டு!"

இருவரும் சேர்ந்து அந்தக் கனத்த உடம்பை ஒருக்களித்தார்கள். முதுகில் அறைந்தாள். கன்னத்தில் அறைந்தாள். "யோவ்! மூச்சு விடுய்யா!"

ஒன்றுமில்லை.

மறுபடி அறைந்தாள். கர்ர்ரென்று, தகரத்தைக் கிழித்தது போல ஒரு சத்தம். எத்தனையோ நாள் தலையணையால் காதைப் பொத்திக்கொண்ட அதே சத்தம்.

"விடு, இன்னும் விடு!" அழுகையும் கத்தலுமாக அவனை உட்கார வைத்துத் தாங்கினாள்.

டாக்டரம்மா ஆம்புலன்ஸோடு வந்து நாடி பிடித்தபோதும் அவள் உலுக்குவதை நிறுத்தவில்லை.

"இனி மாத்திரை, சாராயம் எதுவும் ஆகாது. உடம்பு இளைக்கணும். மூக்குல மாஸ்க் மாட்டி, காத்தை அழுத்தி விடற மெஷின் ஒண்ணு பட்டணத்துல வந்திருக்கு. அதைப் போட்டுக்கிட்டா நிஜமாவே தூங்கலாம். கம்பெனிக்கு நான் எழுதித் தரேன்."

அப்பாவு அரைக்கண் திறந்தான். "ஷிப்டுக்கு... நேரமாச்சா?"

தலை மறுபடி சரிந்தது. லோகநாயகி அவன் காதைப் பிடித்துத் திருகினாள்.

"தூங்காதய்யா. உன் கால்ல விழறேன், தூங்காத."