சுவர் குடித்த முகம்

கயல்விழியின் பட்டம் ஒரு காம்பவுண்டு சுவரை நம்பி இருந்தது.

சென்னையில் கட்டடக் கலை படிக்கிறாள். நிறம், வடிவம், பொருள் இம்மூன்றையும் ஆராய்ந்து, ஆராய்ந்ததை நிஜச் சுவராகவே கட்டிக் காட்ட வேண்டும். பேராசிரியர் கோகுலகிருஷ்ணன் நேரில் வந்து பார்த்து ‘பாஸ்’ போட்டால் பட்டம். இல்லாவிட்டால் இன்னொரு வருஷம் அதே ஹாஸ்டல், அதே சாம்பார்.

கோகுலகிருஷ்ணன் லேசில் பாஸ் போடுகிற ஆள் இல்லை. வருஷம் முழுக்கக் கறுப்புச் சட்டைதான் போடுவார். “அலங்காரம் ஒரு பொய். பூச்சு ஒரு பொய். பொருள் தன் முகத்தைத் தானே காட்டணும்” என்பார். போன வருஷம் ஒரு மாணவன் தன் மாதிரி வீட்டுக்கு லேசாக மஞ்சள் அடித்துவிட்டான். “இது வீடா, திருவிழாப் பந்தலா?” என்று கேட்டார். அந்த மாணவன் இன்னும் படித்துக்கொண்டிருக்கிறான்.

ஆகவே கயல்விழி சொந்த ஊரான விருத்தாசலத்துக்கு வந்து, செராமிக் எஸ்டேட்டில் பீங்கான் பொம்மை யூனிட் வைத்திருக்கும் சித்தப்பா கோவிந்தராசு முன்னால் நின்றாள்.

“கிளேஸ் பூசாத வெள்ள ஓடு வேணும் சித்தப்பா. ஒரு தடவ சுட்டு அப்படியே எடுத்துடணும். பளபளப்பும் கூடாது, கலரும் கூடாது.”

“ஏம்மா, எங்கிட்ட கிளேஸ் இல்லன்னு நெனச்சியா?”

“கிளேஸ் பொய்யி சித்தப்பா. பொருளோட நேர்ம தெரியணும்.”

“அப்ப இத்தினி வருஷமா நான் பொய்யத்தான் லாரில ஏத்தி அனுப்புறனா?” என்றார் கோவிந்தராசு. ஆனாலும் அண்ணன் மகள். கேட்டபடியே செய்து கொடுத்தார்.

யூனிட்டின் முன்பக்கம் சுவர் எழுந்தது. வெள்ளை என்றால் வாயே திறக்காத வெள்ளை. மேடும் பள்ளமுமாகப் பதித்த ஓடுகளில் வெயில் நகர நகர நிழலும் நகர்ந்தது. கயல்விழி சொக்கிப்போனாள். ரோட்டில் போகிறவர்களோ வண்டியை நிறுத்தி, “பெயிண்டு எப்பங்க அடிக்கப் போறீங்க?” என்று அக்கறையாக விசாரித்தார்கள். ஒருத்தர், “கவலப்படாதீங்க, எல்லாருக்கும் வூட்டு வேல பாதியில நிக்கறதுதான்” என்று கோவிந்தராசுவுக்கு ஆறுதலும் சொன்னார். அது அவர் நெஞ்சில் தைத்தது.

பேராசிரியரை அழைத்துவர, கயல்விழி முந்தின நாளே சென்னைக்குப் போனாள். மறுநாள் இருவரும் விருத்தாசலம் ஜங்ஷனில் இறங்கி ஆட்டோ ஏறினார்கள். வழியெல்லாம் கிளிப்பச்சை வீடு, கத்திரிப்பூ நிற வீடு, இரண்டையும் கலந்து அடித்த மாடி வீடு. கோகுலகிருஷ்ணன் கண்ணை மூடிக்கொண்டார்.

அப்போது போன் அடித்தது. சித்தப்பா.

“கயலு, வந்துட்டீங்களா? ஒண்ணும் கவலப்படாத. வர்றவரு பெரிய மனுசரு, வெறுஞ்செவுத்தயா காட்டுறது? நம்ம கொளஞ்சிநாதன வச்சு முடிச்சிட்டேன்.”

கட்சிக் கூட்டமோ, காதுகுத்தோ, ஊர்ச் சுவர்களில் ‘வருக வருக’ எழுதுவது கொளஞ்சிநாதன்தான். கயல்விழி போனைக் கையால் பொத்திக்கொண்டாள்.

“சித்தப்பா, அத அழிச்சிடுங்க” என்றாள் ரகசியமாக.

“அழியாதும்மா! கிளேஸ் இல்ல பாரு, பெயிண்ட அப்படியே குடிச்சிடுச்சு. சும்மா சொல்லக்கூடாது, நல்ல ஓடு!”

அவள் பேராசிரியர் பக்கம் திரும்பினாள். “சார், இங்க பழமலைநாதர் கோயில் ரொம்பப் பழசு. முதல்ல அதைப் பார்த்துட்டு...”

“முதல்ல சுவர்” என்றார் பேராசிரியர்.

ஆட்டோ நின்றது.

சுவர் முழுக்க ரோஸ். நடுவில் ஆளுயரத்துக்கு மேல் கோகுலகிருஷ்ணனின் முகம். தலைவர்களையே வரைந்து பழகிய கை என்பதால் கன்னம் சிவந்து, கை கூப்பி, தூய வெள்ளைச் சட்டையில் சிரித்துக்கொண்டிருந்தார். இரு பக்கமும் மயில். தலைக்கு மேல், ‘கட்டடக் கலையின் கலங்கரை விளக்கமே, வருக! வருக!’ கீழே, ‘இவண்: கோவிந்தராசு, கயல்விழி.’

கயல்விழிக்கு நாக்கில் ஹாஸ்டல் சாம்பார் ருசி தட்டியது.

கோகுலகிருஷ்ணன் சுவரை நெருங்கினார். பின்னால் நகர்ந்து முழுசாகப் பார்த்தார்.

“யார் வரைஞ்சது?”

“நாந்தாங்க” என்றார் ஏணியிலிருந்து கொளஞ்சிநாதன். “காலேஜு வெப்சைட்டுலேருந்து போட்டோ எடுத்துக் குடுத்தாருங்க மொதலாளி.”

அந்த நேரம் பார்த்து ஒரு டவுன் பஸ் போனது. ஜன்னலோரத்துப் பெரியவர் சுவரைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார், எழுந்து நின்று கும்பிட்டார். கோகுலகிருஷ்ணன் திடுக்கிட்டார். பிறகு காலரைச் சரிசெய்துகொண்டு, படத்தில் இருப்பது போலவே பதிலுக்குக் கும்பிட்டார்.

“மக்களோட பேசற சுவர்” என்றார் மெல்ல. “அளவும் நல்லாத்தான் இருக்கு. கயல்விழி, ஒரு போட்டோ எடும்மா. மயில் முழுசா விழட்டும்.”

சித்தப்பா கொடுத்த டீயைக் குடித்து, மார்க் போடும் தாளை எடுத்துப் பேனாவைத் திறந்தவர் மறுபடி நிமிர்ந்தார்.

“தாடைக்குக் கீழ இன்னொரு தாடை தெரியுதே, அது எங்கிருந்து வந்தது?”

“போட்டோவுலேயே இருந்துதுங்க.”

“எடுத்துடுங்க.”

“எடுக்க முடியாதுங்க சார். செவுரு குடிச்சிடுச்சு. மேல வெள்ள அடிச்சாலும் ரோஸு ஏறி வந்துடும்.”

கோகுலகிருஷ்ணன் பேனாவை மூடினார். “பொருள் தேர்வுலதான் கொஞ்சம் சிக்கல் இருக்கு கயல்விழி.”

பொருளின் நேர்மை பற்றி அவர் நடத்திய பாடம் முழுவதும் அவள் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டாள். கண் பெயிண்ட் டப்பாக்களில் ஓடியது.

“அண்ணே, கறுப்பு இருக்குதா?”

“எழுத்துக்கு வாங்குனது மீதி இருக்குது பாப்பா.”

“சாருக்குத் தாடி வச்சிடுங்க.”

கொளஞ்சிநாதன் கஞ்சத்தனம் பார்க்கவில்லை. காதிலிருந்து காதுவரை அடர்ந்த தாடி இறங்கியது. இரண்டாவது தாடை போன இடம் தெரியவில்லை.

பேராசிரியர் தலையைச் சாய்த்துப் பார்த்தார். தன் மழித்த மோவாயைத் தடவிக்கொண்டார்.

“ம்... இதுல ஒரு கம்பீரம் இருக்கு.”

பேனா திறந்தது. நிறம், வடிவம், பொருள் மூன்றிலும் பாஸ்.

“என் தங்கச்சி பொண்ணுக்கு ஒங்க காலேஜுல சீட்டு கெடைக்கவும் செவுரு எதாவது எழுதணும்னா சொல்லுங்க சார்” என்று கொளஞ்சிநாதன் வழியனுப்பினார். “அதுவும் ப்ளஸ்டூ முடிச்சிருக்குது.”

பட்டமளிப்பு விழாவுக்குக் கோவிந்தராசுவும் வந்திருந்தார். மேடையில் கோகுலகிருஷ்ணனைக் கண்டதும் அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

“பாரேன் கயலு, செவுத்துல இருக்கறாப்பலயே வளத்துட்டாரு! இந்த வயசுல ஒரு நர முடி கெடையாது!”

கயல்விழி பட்டம் வாங்கக் கிட்டே போனபோதுதான் பார்த்தாள். தாடிக்கு அடித்த சாயம், பேராசிரியரின் காதோரம் கொஞ்சம் வழிந்திருந்தது.