படியில்லாத அறை

விடுதிக்காரர் போனில் மரவீட்டு அறையையே என் தலையில் கட்டப் பார்த்தார். வயநாட்டில் காட்டுக்குள் இருக்கிற விடுதி. பலா மரத்துக்கு மேலே அறை, ஜன்னலைத் திறந்தால் மேகம் உள்ளே வரும், குழந்தைகளுக்கு ரொம்பப் பிடிக்கும் என்று மலையாளம் கலந்த தமிழில் சொல்லிக்கொண்டே போனார். நான் தரையில் அறை இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது, ஆனால் அங்கிருந்து பார்க்க ஒன்றும் இல்லை என்றார். பார்ப்பது கிடக்கட்டும், வாசலில் படி உண்டா, வெஸ்டர்ன் டாய்லெட்டா, சுவரில் பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கிறதா, அறையிலிருந்து ஓடைக்குப் போகிற வழி சரிவா சமமா என்று நான் அடுக்கினேன். மனிதர், வயசானவங்க யாராவது கூட வர்றாங்களா என்றார்.

"இல்லீங்க. சின்னப் பசங்கதான்."

வேங்கிக்காலில் என் ஆபீஸில் சாப்பாட்டு நேரத்தில் வேப்ப மரத்தடியில் நின்றுதான் இதையெல்லாம் பேசுவேன். கூட வேலை செய்கிற திரௌபதி, ஊரே அருவி எவ்வளவு உயரம்னு கேக்கும், நீ கக்கூஸ் எவ்வளவு உயரம்னு கேக்கறே என்று சிரிப்பாள். சிரித்த வாயை உடனே மூடிக்கொள்வாள். அவளுக்குத் தெரியும்.

மாறனுக்கு எட்டு வயது. நடக்க ஆரம்பித்ததே தாமதம். அடிக்கடி விழுவான். வலு கம்மி என்று கேழ்வரகுக் கஞ்சியும் முட்டையுமாகக் கொடுத்தோம். தரையிலிருந்து எழுந்திருக்க அவன் முழங்காலில் கை ஊன்றி, பிறகு தொடையில் ஊன்றி, தன் உடம்பின் மேலேயே ஏறுவதைப் பார்த்த பிறகுதான் வேலூருக்குக் கொண்டுபோனோம். தசை கொஞ்சம் கொஞ்சமாக அழிகிற நோய், மருந்து தள்ளிப்போடும், தீர்க்காது என்று டாக்டர் சொன்னார். நடக்கட்டும், ஆனால் களைக்க விடாதீர்கள், ஒருமுறை சேதமான தசை பழையபடி வளராது என்றும் சொன்னார். நாங்கள் இரண்டு பேரும்தான் எதிரே உட்கார்ந்து கேட்டோம். எனக்கு அந்தக் கடைசி வார்த்தை காதில் நின்றது. என் வீட்டுக்காரருக்கு எது நின்றதோ தெரியவில்லை.

ஓடை ஆசை மாறனுடையதுதான். என் போனில் யாரோ பிள்ளைகள் ஓடைத் தண்ணீரில் நடக்கிற வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தான். "தண்ணிக்குள்ள விழுந்தா வலிக்காது இல்லம்மா?" என்றான் ஒருநாள். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். அவன் காலால் அவன் ஓர் ஓடையில் நடக்க வேண்டும். அடுத்த வருஷத்தை நம்பி இதைத் தள்ளிப்போட முடியாது.

எங்கள் ஊரில் லீவு கேட்கப் பஞ்சாங்கம் பார்க்க வேண்டும். என் வீட்டுக்காரர் பாலாஜிக்குக் கோயில் பக்கம் ஒரு லாட்ஜில் மேனேஜர் வேலை. பௌர்ணமி வந்தால் கிரிவலக் கூட்டத்தில் வீட்டுக்குச் சாப்பிடக்கூட வர மாட்டார். அதனால் இரண்டு பௌர்ணமிக்கு நடுவில், காலாண்டு லீவில், காட்பாடியிலிருந்து ரயில் என்று எல்லாம் போட்டேன். அவரும் சரி என்றார். ஒன்றே ஒன்று கேட்டார். கிளம்புவதற்கு முன்னால் பையனோடு ஒருதரம் மலையைச் சுற்றிவிட வேண்டும்.

பதினாலு கிலோமீட்டர், ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போங்கள் என்றேன்.

"வேண்டுதல நடந்துதான் தீக்கணும் செல்வி. எங்கெங்கிருந்தோ வந்து வாங்கிக்கினு போறாங்க. நாம மலையடியிலயே குந்திக்கினு இதுவரைக்கும் கேக்கவே இல்ல."

லாட்ஜ் வேலை அப்படி. வருகிற ஆள் எல்லாம் ஒரு கதை வைத்திருப்பான். நெல்லூர்க்காரர் அம்மாவுக்குக் கண் வந்தது, பெங்களூர்க்காரர் மகன் ஊன்றுகோலை விட்டான் என்று சாவி வாங்கும்போது சொல்வார்கள். பலிக்காதவன் திரும்பி வந்து அறை எடுத்துச் சொல்லப்போகிறானா? டாக்டர் சொன்னதை நினைவுபடுத்தினேன். அவர் சாப்பிட்டுவிட்டு லாட்ஜுக்குக் கிளம்பினார். பேச்சு அதோடு முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

கிளம்புகிற வாரத்து ஞாயிற்றுக்கிழமை, ஊருக்குப் போகிறானே, முடி வெட்டிவிட்டு அப்படியே அடி அண்ணாமலையில் அவர் அக்கா கஸ்தூரி வீட்டில் சாப்பிட்டு வருகிறோம் என்று விடியற்காலையிலேயே பையனைக் கூட்டிக்கொண்டு போனார். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். சின்னவள் தென்றல், ஐந்து வயது, புது ரெயின்கோட்டைப் போட்டுக்கொண்டு வெயிலில் குதித்துக்கொண்டிருந்தாள். உச்சி வெயிலில் கஸ்தூரி அண்ணி போன் செய்தார்.

"செல்வி, இவன் புள்ளய நடத்தியே இட்டுனு வந்துக்கிறான். சோறு வேணாம், முடிச்சுட்டு வர்றோம்னு போறான். நீ வா."

தென்றலைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு ஸ்கூட்டியில் மலை சுற்றுகிறவர்களுக்கு எதிர்த் திசையில் போனேன். அண்ணி வீட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் இருந்தார்கள். இரண்டு பேர் காலிலும் செருப்பு இல்லை. முடியாத இடத்தில் தோளில் தூக்கியிருக்கிறார், கொஞ்சம் தெளிந்ததும் இறக்கி நடக்க விட்டிருக்கிறார். நான் பார்த்தபோது மாறன் அப்பாவின் விரலைப் பிடித்துக்கொண்டு, உதடு காய்ந்து, முகமெல்லாம் சந்தோஷமாக வந்துகொண்டிருந்தான். என்னைக் கண்டதும் கையைத் தட்டிவிட்டுத் தனியாக இரண்டு எட்டு வைத்துக் காட்டினான்.

நான் வண்டியை அப்படியே சாய்த்துவிட்டு அவனைத் தூக்கினேன்.

"உடும்மா. முழுசா சுத்துனா ஓடைல நானே நடக்கலாம்னு அப்பா சொன்னாரு. இன்னும் கொஞ்சந்தான். உடும்மா."

என் கழுத்தில் குத்தினான். அவ்வளவு பலம் அவனிடம் இருக்கும் என்று எனக்குத் தெரியாது. வண்டியில் உட்கார்த்தி வீடு வருகிறவரை அழுதான். அன்றைக்கு அவன் அழுத மாதிரி அதற்கு முன் அழுததில்லை.

மறுநாள் மாறனுக்குச் சிறுநீர் கறுத்துப் போனது. மறுபடி வேலூர். டாக்டர் திட்டவில்லை. சேதமான தசைதான் சிறுநீரில் கலந்து வருகிறது என்றார். எவ்வளவு தூரம் நடந்தான் என்று கேட்டார், என் வீட்டுக்காரர் சொன்னார், டாக்டர் எழுதிக்கொண்டார். சிறுநீர் தெளிந்தது. கால்தான் நிற்கவில்லை. சில பிள்ளைகள் திரும்ப எழுந்திருக்கிறார்கள், இவன் எப்படி என்று சொல்ல முடியாது என்றார்கள்.

வார்டுக்கு வெளியே பெஞ்சில் அவர் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று நினைத்துப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"இன்னும் கொஞ்சம் தூரந்தான் இருந்தது" என்றார்.

செருப்பால் அடிக்க வேண்டும் போல இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷம் அவரை வெறுத்தேன். கீழே பார்த்தால் அவர் உள்ளங்கால் முழுக்கக் கொப்புளம் உடைந்து தோல் தொங்கியது. ஒரு மருந்தும் போடவில்லை. என் துப்பட்டாவைக் கிழித்துக் கட்டிவிட்டேன். அப்போதும் வெறுத்துக்கொண்டுதான் கட்டினேன்.

டிக்கெட்டைக் கேன்சல் செய்யச் சொன்னார்கள், என் அம்மா, அண்ணி, எல்லாரும். நான் தேதியை மட்டும் அடுத்த பௌர்ணமிக்கு அந்தப் பக்கம் தள்ளினேன். பிடிவாதம் என்றால் பிடிவாதம்தான். பிள்ளைக்கு ஓடையைக் காட்டுகிறேன் என்று சொல்லியிருந்தேன். வழியெல்லாம் மாறன் என்னோடு பேசவில்லை. ரயிலிலும் காரிலும் அப்பா மடியிலேயே இருந்தான்.

விடுதிக்காரர் சொன்னதைவிட ஓடை நன்றாக இருந்தது. கணுக்கால் தண்ணீர், அடியில் மணல், மேலே ஆகாசம் தெரியாத அளவுக்கு மரம். விழுந்தால் வலிக்காது. என் வீட்டுக்காரர் மாறனைத் தூக்கிப்போய்த் தாழ்வான ஒரு பாறையில் உட்காரவைத்து, முழங்காலில் நின்றபடி அவன் கால்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தண்ணீரில் விட்டார். தென்றல் அக்கரைக்கும் இக்கரைக்கும் ஓடிக்கொண்டிருந்தாள். அவளை ஓடாதே என்று சொல்ல வாய் வந்தது. எப்படிச் சொல்வது?

மாறன் தங்கச்சியையே கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு என் பக்கம் திரும்பாமல் கேட்டான்.

"அம்மா நிறுத்தாம இருந்திருந்தா நடந்திருப்பேன் இல்லப்பா?"

அவர் குனிந்திருந்தார். முகம் எனக்குத் தெரியவில்லை. ஒரு வார்த்தை, இல்லைடா என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட மாட்டாரா என்று நான் தண்ணீரில் நின்றேன்.

"சொல்லுப்பா."

மேலேயிருந்து மிதந்து வந்த பழுத்த இலை ஒன்று மாறனின் கெண்டைக்காலில் வந்து ஒட்டியது. அவன் உதறவில்லை. அவரும் எடுக்கவில்லை. தண்ணீர் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே இருந்தது. இன்னொரு இலை வந்து அதன்மேல் படிந்தது.